சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு?

போன வாரம் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தில் வேலையை முடித்துவிட்டு பில் கொடுத்தேன். எட்டாயிரம் ரூபாய். கமிட்டி செயலாளர் ஓய்வு பெற்ற வாத்தியார், நல்ல மனிதர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பில்லை இரண்டு தடவை படித்தார். "தம்பி, இந்த சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ், சும்மாவே கிடைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு எட்டாயிரம்?" என்றார். ஓப்பன் சோர்ஸ் என்றால், எழுதிய நிரலை (கோடை) மறைக்காமல் திறந்து வைத்திருக்கிற சாஃப்ட்வேர். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். காசையும் அன்றைக்கே கொடுத்துவிட்டார். பதினைந்து வருடமாக இந்த மலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பள்ளிக்கூடம், தேயிலை ஃபேக்டரி ஆபீஸ், மளிகைக் கடை என்று எங்கே போனாலும் இதே கேள்வி வருகிறது. அதனால் ஒரு தடவை நிதானமாக எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா கட்டபெட்டு பக்கம் தேயிலை நர்சரி வைத்திருக்கிறார். சின்ன வயதில் லீவு நாளெல்லாம் எனக்கு அங்கேதான். நல்ல செடிகளாகப் பார்த்து, இலை பறிக்காமல் வளரவிட்டு, அதிலிருந்து கிளையை வெட்டுவார்கள். ஒரு இலை, அதன் அடியில் ஒரு கணு, கணுவுக்குக் கீழே ஒரு இஞ்சுக்கு மேல் தண்டு. அவ்வளவுதான் கட்டிங். அதைச் சாய்வாக, நசுங்காமல் வெட்ட வேண்டும். பாலித்தீன் பையில் அடியில் மண் கூடுதலாகவும் மேலே மணல் கூடுதலாகவும் நிரப்பி, அதில் இலை மண்ணைத் தொடாதபடி ஊன்ற வேண்டும். அப்புறம் பாலித்தீன் கூடாரம் போட்டு மூடி, மேலே நிழல்வலை. வேர் பிடித்தபின் கூடாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். நடுகிற அளவுக்குக் கன்று வர கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற இரவுகளில் மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கிளைக்கு என்ன விலை? ஒன்றும் கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டால் வெட்டிக்கொள்ளச் சொல்வார். ஆனால் கன்றுக்கு விலை உண்டு. "கிளை சும்மாதானே கிடைக்குது, கன்றுக்கு எதுக்குக் காசு?" என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூட மாமாவிடம் கேட்டதில்லை. செயலாளர் ஐயாவே தன் நாலு ஏக்கருக்கு மாமாவிடம்தான் கன்று வாங்கினார், பேரம் பேசி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கன்று வாங்கியவர் அதை நட்டு வளர்த்து, பின்னாளில் அதிலிருந்தே கட்டிங் எடுத்து அவரே நர்சரி வைக்கலாம். மாமா தடுக்க மாட்டார். அவரிடம் வாங்கிய இரண்டு பேர் அப்படி வைத்தும்விட்டார்கள். ஆனாலும் மாமாவுக்கு வியாபாரம் குறையவில்லை. அவர் கன்று பிடிக்கும் என்ற நம்பிக்கைக்காக ஆட்கள் வருகிறார்கள்.

ஓப்பன் சோர்ஸில் கம்பெனிகள் காசு வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான். வாங்கலாம். வாங்கத்தான் வேண்டும். வளர்த்துக் கொடுத்த உழைப்புக்கு என்ன விலை வேண்டுமானாலும் சொல்லட்டும், வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் வாங்கியவர் தன் செடியிலிருந்து கிளை வெட்டக் கூடாது என்று வேலி போட்டால், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: கட்டற்ற மென்பொருள். கட்டு இல்லாதது என்றுதான் பொருள், கட்டணம் இல்லாதது என்று பொருளில்லை. நாம் பேச்சில் 'ஃப்ரீ' என்று சொல்லிச் சொல்லியே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். இந்த இயக்கத்தை ஆரம்பித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985 வாக்கில் நிரல் எழுத உதவுகிற தன்னுடைய ஈமேக்ஸ் எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர். அதுதான் அப்போது அவருக்கு வருமானம். ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று 1998-இல் வகுத்த வரையறையை எடுத்துப் பாருங்கள். உரிமம் விற்பனையைத் தடுக்கக் கூடாது என்பது அதில் முதல் விதியிலேயே இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல், கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸை வெளியிட்டபோது காசுக்கு விற்கக் கூடாது என்றுதான் உரிமம் எழுதினார். மறு வருடமே அதை மாற்றி, யாரும் திருத்தலாம், விற்கலாம், ஆனால் வாங்குகிறவருக்கும் அதே உரிமையைத் தர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தார். சிடியில் போட்டு விற்க வழி திறந்தது.

அந்த சிடி இல்லையென்றால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன். 2003-இல் எங்கள் வீட்டில் டயல்அப். ஒரு சிடி அளவு இறக்க வேண்டுமென்றால் ஒன்றரை நாள் லைன் அறுபடாமல் இருக்க வேண்டும். ஆடி மாதக் காற்றில் இந்த மலையில் அது நடக்கிற காரியமா? ஊட்டியில் ஒரு கடையில் அறுபது ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதை எட்டுப் பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கடைக்காரருக்கும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அறுபது ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது சிடி மட்டுமா?

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தது வெளியூர்க் கம்பெனி ஒன்று. பெயர் வேண்டாம். "எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று சொல்லி, நூலகத்தின் கம்ப்யூட்டரிலேயே ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்து, வருடத்துக்கு 45,000 ரூபாய் 'லைசென்ஸ் கட்டணம்' வாங்கிவந்தார்கள். மூன்று வருடம் ஆயிற்று. சர்வீஸுக்குக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. சரி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம், எங்கள் புத்தகப் பட்டியலைக் கொடுங்கள் என்று நூலகர் மேடம் கேட்டதற்கு, 'டேட்டா மைக்ரேஷன்' என்று 60,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் அனுப்பினார்கள். பாஸ்வேர்டும் தர மறுத்துவிட்டார்கள்.

நான் போய் பிரவுசரைத் திறந்தேன். மேலே கம்பெனி லோகோ. ஆனால் முகவரி வரியில் எண்களுக்குப் பின்னால் 'கோஹா' என்ற சொல் அப்படியே இருந்தது. அதை மறைக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை.

கோஹா உலகம் முழுவதும் நூலகங்களில் ஓடுகிற கட்டற்ற மென்பொருள். அது பிறந்த கதையைக் கேட்டாலே செயலாளர் ஐயாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை என்று ஒன்று. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், 1999-இல் கடிபோ என்ற சின்னக் கம்பெனிக்குப் பணம் கொடுத்துப் புதிதாக எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது ஓட ஆரம்பித்தது. எழுதியதை ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். அதாவது, காசு வாங்கிக்கொண்டு செய்த வேலைதான் அது. காசு கைமாறியது, பூட்டு மட்டும் போடவில்லை. கோஹா என்பது மவோரி மொழிச் சொல். அன்பளிப்பு என்று பொருள், ஆனால் திருப்பிச் செய்ய வேண்டிய கடமையோடு வருகிற அன்பளிப்பு. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மொய் என்று சொன்னால் போதும்.

அந்த வெளியூர்க் கம்பெனி காசு வாங்கியதில் எனக்குக் கோபம் இல்லை. கோஹாவை நிறுவித் தந்து, சொல்லிக் கொடுத்து, கூப்பிட்டபோது வந்திருந்தால் 45,000 வாங்கியிருக்கட்டும், நியாயம்தான். ஊரார் செய்ததைத் தன் தயாரிப்பு என்றார்கள். உரிமத்துக்கென்று கட்டணம் போடக் கூடாது என்று ஜிபிஎல் சொல்வதை மீறினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடம் மூன்று வருடம் உட்கார்ந்து தமிழில் தட்டச்சு செய்த 9,412 புத்தகங்களின் விவரத்தைப் பிணையாக வைத்துக்கொண்டார்கள். என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

கம்ப்யூட்டர் நூலகத்தினுடையது. கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ரிக்கவரி மோடில் உள்ளே போய் பேக்கப் எடுத்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்க, மேடம் செல்போன் வெளிச்சத்தைக் கீபோர்டு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்து முடித்து, வேறு மெஷினில் ஏற்றி, தேடல் கட்டத்தில் ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டினார். வந்தது. "எல்லாம் இருக்கா?" என்றார். இருந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்க்காதமாதிரி நான் கேபிளைச் சுற்ற ஆரம்பித்தேன்.

சரி, யாருமே காசு கேட்காமல், எல்லோரும் சும்மாவே செய்தால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டோம். இணையத்தில் வங்கி, கடை என்று பாதிக்கு மேல் நம்பியிருந்த, தகவலை அடுத்தவர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புகிற ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியே வந்தது. அதுவரை அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தது ஒரே ஒருவர். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற கம்பெனிகள் அத்தனையும் அந்த ஒருவரின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தன. 2024 மார்ச்சில் வெளிவந்த, கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் விவகாரம் இதைவிடப் பயங்கரம். தனியாளாய்ப் பராமரித்துக் களைத்துப்போன ஒருவரிடம், உதவுகிறேன் என்று வந்து இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்த ஒரு முகம் தெரியாத ஆள் உள்ளே பின்கதவு வைத்துவிட்டான். உள்நுழைய அரை நொடி தாமதமாகிறதே என்று ஒரு பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் தப்பித்தோம். அந்தத் தனியாளுக்கு யாராவது சம்பளம் கொடுத்து, கூட இரண்டு பேரைப் போட்டிருந்தால் அவ்வளவு சுலபமாக நுழைந்திருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால் விருந்து சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் எழுந்து போகிற பெரிய கம்பெனிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. தேடல் மென்பொருள் எழுதுகிற எலாஸ்டிக் கம்பெனி 2021-இல் உரிமத்தை இறுக்கியதற்கு அதுதான் காரணம். அவர்கள் எழுதியதை அமேசான் தன் சேவையாகப் போட்டுச் சம்பாதித்தது. ஆத்திரம் நியாயமானது. ஆனால் அதற்காகப் போட்ட வேலி எல்லோருக்கும் சேர்த்துப் போட்ட வேலியாகிவிட்டது. அமேசான் பழைய நிரலை எடுத்து ஓப்பன்சர்ச் என்று தனியே கிளப்பியது. தகவலை வேகமாக எடுத்துத் தருகிற ரெடிஸ் என்ற மென்பொருளும் 2024-இல் அதே வழியில் போனது, அங்கேயும் வால்கீ என்று தனிக்கிளை முளைத்தது. கடைசியில் எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல் உரிமத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தன. நிரலைத் திருத்தி இணையம் வழியாகச் சேவையாகத் தந்தாலும் அந்தத் திருத்தங்களைப் பயனர்களுக்குத் தர வேண்டும் என்கிற உரிமம் அது. மொய் நோட்டில் எழுதி வைத்தமாதிரி. முதலிலேயே அந்த வழிக்குப் போயிருக்கலாம்.

லினக்ஸை வைத்துத் தொழில் செய்கிற ரெட்ஹேட் கம்பெனி விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. நிரல் எல்லோருக்கும், பராமரிப்புக்குச் சந்தா என்று அவர்கள் காட்டிய வழியில்தான் என்னைப்போன்ற சின்ன ஆட்களும் பிழைக்கிறோம். அந்தக் கம்பெனியை 2019-இல் ஐபிஎம் 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. சும்மா கிடைக்கிற ஒன்றை வைத்து அவ்வளவு பெரிய நிறுவனம் வளர்ந்தது. நம் கணினிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியாத காலத்தில் லோகித் தமிழ் எழுத்துருவை வெளியிட்டதும் அவர்கள்தான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் 2023 ஜூனில், தங்கள் வணிகப் பதிப்பின் மூல நிரலைப் பொதுவில் வைக்காமல் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்களே, அது மனதுக்கு ஒப்பவில்லை. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். வாங்கியவன் அடுத்தவனுக்குக் கிளை கொடுத்தால் இனி உனக்குக் கன்று கிடையாது என்று மாமா சொன்னால் நான் அவரிடமும் சண்டை போடுவேன்.

நம் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். பூட்டுப்போட்ட சாஃப்ட்வேருக்கு ஐம்பதாயிரம் கேட்டால் முகம் சுளிக்காமல் செக் எழுதுகிறோம். கட்டற்றதைப் பராமரிக்க ஐயாயிரம் கேட்டால் சும்மாதானே என்கிறோம். பூட்டுக்கு மரியாதை தருகிறோம், உழைப்புக்குத் தருவதில்லை. இந்தப் பழக்கம்தான் வெளியூர்க் கம்பெனியை லோகோ மாற்ற வைத்தது. கோஹா என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நாம் 45,000 கொடுத்திருக்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

செயலாளர் ஐயாவிடம் அன்றைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. மாமாவின் நர்சரியை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ வருஷத்துக்கு எவ்வளவுன்னு எழுதிக் கொடுங்க, கமிட்டியில் வைக்கிறேன்" என்றார். எழுதிவிட்டேன். வருடத்துக்கு 12,000. மாதம் ஒரு தடவை நேரில் வருவேன், நடுவில் பழுதானால் இரண்டு நாளுக்குள் வருவேன். அதில் 1,000 ரூபாய் கோஹாவை வளர்ப்பவர்களுக்கு நன்கொடையாக நூலகத்தின் பெயரிலேயே போகும், ரசீது தருவேன். பாஸ்வேர்டு எல்லாம் நூலகரிடம் இருக்கும், என்னை நிறுத்திவிட்டு யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை மறுபடி போகிறேன். பேக்கப் எடுப்பது எப்படி என்று மேடத்துக்குச் சொல்லித்தர வேண்டும். நான் கீபோர்டைத் தொடப்போவதில்லை. அவரே எடுத்து, பென்டிரைவை அவர் பீரோவில் வைத்து, சாவியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.