“ஏம்மா சைக்கியாட்ரி எடுத்தே?”

சைக்கியாட்ரி, அதாவது மனநல மருத்துவம், எடுத்த ஒரு பெண்ணை மேடையில் கிண்டல் செய்கிற அந்த மருத்துவக் கல்லூரி வீடியோவை எனக்கு ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பாதிப் பேர் சிரிக்கிற பொம்மையோடு. இனி யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன்.

எந்தக் கல்லூரி, மைக்கைப் பிடித்திருந்தவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. கமென்ட்டில் நீங்களும் எழுதாதீர்கள், எழுதினால் நீக்கிவிடுவேன். ஒரு தனி மனிதரைப் பற்றிய பதிவு இல்லை இது. அந்த அரங்கத்தில் உட்கார்ந்து சிரித்த அத்தனை பேரைப் பற்றியது. எல்லோரும் டாக்டர்கள்.

மேற்படிப்பில் புதிதாகச் சேர்ந்த பி.ஜி.க்களை வரிசையாக நிறுத்தி, ஏன் இந்தத் துறை என்று கேட்கிறார்கள். ஆர்த்தோ எடுத்த பையன் கல்லூரி கபடி டீம் என்கிறான், கைதட்டல். கார்டியாலஜி கனவோடு மெடிசின் எடுத்தவர், அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்கிறார். அரங்கம் ஒரு நிமிடம் அமைதியாகிறது, அப்புறம் பெரிய கைதட்டல். அடுத்தது அந்தப் பெண். “எங்க அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா சார். அவனைப் பார்த்துக்கிட்டேதான் நான்...” அவளை முடிக்கவே விடவில்லை. “ஓ, வீட்டு வைத்தியமா?” என்று மைக்கில் ஒரு குரல். அரங்கமே சிரிக்கிறது. வேறு வழியில்லாமல் அவளும் சிரிக்கிறாள்.

அப்பாவின் இதயம் என்றால் கைதட்டல். அண்ணனின் மனம் என்றால் சிரிப்பு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு யாராவது விளக்குங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சைக்கியாட்ரி படிக்க வருகிறவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார், எந்த ஊரிலிருந்து வருகிறார், ஓய்வு நேரத்தில் என்ன படிக்கிறார் என்பதெல்லாம் வேலைக்கு வெளியே இருக்கும் சங்கதி இல்லை. இந்த வேலையே அவற்றை வைத்துத்தான் நடக்கிறது.

நானும் சைக்கியாட்ரிஸ்ட்தான். எங்களுக்கு மனச்சிதைவை, அதாவது அந்த அண்ணனின் ஸ்கிசோஃப்ரினியாவை, காட்டிக்கொடுக்க ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு பார்ப்போம், பி12 பார்ப்போம், தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் எடுப்போம். அதெல்லாம் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். நோயைக் கண்டுபிடிப்பது உட்கார்ந்து கேட்பதில்தான். கேட்கிற ஆள் யார் என்பது முக்கியமில்லை என்றால் வேறு எதுதான் முக்கியம்?

ஓர் உதாரணம் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஓ.பி.யில் ஒரு அம்மா. மாமியார் செய்வினை வைத்துவிட்டார், அதனால்தான் உடம்பு இப்படி ஆகிவிட்டது என்கிறார். நகரத்திலேயே வளர்ந்த ஒரு பி.ஜி. உடனே டெல்யூஷன், அதாவது நோயால் வந்த பொய்யான நம்பிக்கை, என்று எழுதப் போனார். பக்கத்தில் இன்னொரு பி.ஜி., தர்மபுரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “செய்வினைன்னு யாரும்மா சொன்னாங்க? குறி கேட்டீங்களா? வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைக்கிறாரா?” ஆமாம், குறி கேட்டிருக்கிறார்கள், மொத்தக் குடும்பமும் அப்படித்தான் நினைக்கிறது. அந்த ஊரே நம்புகிற ஒன்றை அந்த அம்மாவும் நம்பினால், அதை மட்டும் வைத்து டெல்யூஷன் என்று சொல்ல முடியாது. பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விதிதான். ஆனால் விதி தெரிந்தால் மட்டும் போதாது, அந்த ஊர் எதை நம்பும் என்று தெரிய வேண்டும். மேற்கொண்டு கேட்டதில் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியில்லை, பிள்ளை பக்கத்தில் வந்தால்கூட எரிச்சல். மனச்சோர்வு. அதற்கான மாத்திரை, அதற்கான பேச்சு. தேறிவிட்டார்.

தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு உண்டு. வருடா வருடம் இதை எதிர்த்து யாராவது எழுதுவார்கள். அவர்கள் ஒரே ஒரு நாள் எங்கள் ஓ.பி.யில் வந்து உட்கார வேண்டும். தற்கொலைக்கு முயன்று எலி பேஸ்ட் சாப்பிட்டவரையும் சாணிப்பவுடர் குடித்தவரையும் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இவர்கள். வயிற்றைக் கழுவி அனுப்பிவைத்த அதே ஆள் மறுபடியும் வந்து நிற்பதைப் பார்த்த பிறகு சைக்கியாட்ரியைத் தேடி வருகிறார்கள்.

பழமொழி விஷயமும் சொல்ல வேண்டும். நோயாளியின் சிந்தனை எப்படி இருக்கிறது என்று பார்க்க நாங்கள் பழமொழிக்கு அர்த்தம் கேட்போம். ஒரு மாணவர், படிப்பெல்லாம் இங்கிலீஷில், மிக நல்ல பையன், “கண்ணாடி வீட்டில் இருந்துகொண்டு கல்லெறியக் கூடாது” என்று கேட்டார். திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயி யோசித்துப் பார்த்துவிட்டு, “எங்க ஊர்ல கண்ணாடி வீடு யாருக்கும் இல்லீங்களே” என்றார். கேஸ் ஷீட்டில் சிந்தனைக் குறைபாடு என்று பதிவாகிவிட்டது. மறுநாள் ரவுண்ட்ஸில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு பெண் அவரிடம் “பாத்திரம் அறிந்து பிச்சையிடு”க்கு அர்த்தம் கேட்டாள். யாருக்குக் கடன் கொடுத்து ஏமாந்தார், யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று கதையாகவே சொன்னார் மனிதர். குறைபாடு அவரிடம் இல்லை.

எம்.பி.பி.எஸ்.ஸில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2020இல் தேர்வான முதல் பேட்ச் இப்போதுதான் படிப்பை முடித்து வருகிறது. அவர்களில் கொஞ்சம் பேராவது எங்கள் பக்கம் வர வேண்டும் என்று நான் ஏங்கிக் காத்திருக்கிறேன். இந்த வீடியோவைப் பார்த்தபின் வருவார்களா?

ஆர்வங்களைப் பற்றியும் இதே நக்கல்தான். கவிதை எழுதுகிறவன் சைக்கியாட்ரி எடுப்பான், நாடகம் போடுகிறவள் சைக்கியாட்ரி எடுப்பாள், சீரியஸ் ஆள் சர்ஜரி எடுப்பான். சரி, எடுக்கட்டும். எரிக் கண்டேல் ஹார்வர்டில் படித்தது வரலாறும் இலக்கியமும். அப்புறம் மருத்துவம், அப்புறம் சைக்கியாட்ரி. நினைவாற்றல் நரம்புகளில் எப்படிப் பதிகிறது என்று கண்டுபிடித்து 2000இல் நோபல் வாங்கினார். கார்ல் யாஸ்பர்ஸ் முதலில் சேர்ந்தது சட்டத்தில், கடைசியில் போய் நின்றது தத்துவத்தில். இடையில் சைக்கியாட்ரியில் இருந்த சில வருடங்களில் அவர் 1913இல் எழுதியதை வைத்துத்தான் நோயாளியின் அனுபவத்தை எப்படி விவரிப்பது என்று இன்றும் பாடம் எடுக்கிறோம். ஜான் கேட் கதை இன்னும் நெருக்கமானது. அப்பா மனநல மருத்துவமனை டாக்டர், பிள்ளை அந்த வளாகத்திலேயே ஓடி விளையாடி வளர்ந்தவர். மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோய்க்கு லித்தியம் வேலை செய்கிறது என்று 1949இல் உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். நோயாளிகளைப் பக்கத்து வீட்டு மனிதர்களாகப் பார்த்து வளர்ந்த பையன். அவரையும் மேடையில் நிறுத்தி வீட்டு வைத்தியமா என்று கேட்பீர்களா?

“ஜோக்குதானே மேடம், இதைப் போய் இவ்வளவு பெரிசு பண்ணணுமா?” என்று நிச்சயம் ஒருவர் வருவார். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டார். தமிழ் சினிமாவில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற கீழ்ப்பாக்கம் என்ற பெயரைச் சொன்னாலே தியேட்டர் சிரிக்கும், அதைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். அதையெல்லாம் விட்டுவிட்டேன். இது தியேட்டர் இல்லை. இங்கே சிரித்தவர்கள் நாளைக்குத் தங்கள் நோயாளியை எங்களிடம் அனுப்ப வேண்டியவர்கள். ஜோக் அடித்தவருக்கு அது மறந்திருக்கும். அந்த அண்ணன் வீடியோவைப் பார்த்திருந்தால்?

“ரேங்க் வராதவர்கள்தான் சைக்கியாட்ரி எடுப்பார்கள்.” அந்தக் காலத்துப் பேச்சு. இப்போது பி.ஜி. சீட் ஒதுக்கும் கவுன்சலிங்கில் எங்கள் சீட்கள் கடைசி வரை கிடப்பதில்லை, விசாரித்துப் பாருங்கள். ரேங்க் குறைந்து வந்தால்தான் என்ன? எம்.பி.பி.எஸ்.ஸில் இந்தப் பாடத்துக்குத் தனித் தேர்வு கிடையாது, மெடிசினோடு சேர்த்து ஓரமாக வரும். வார்டு போஸ்டிங் சில வாரங்கள், அதிலும் பாதிப் பேர் வேறு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஓரங்கட்டிய பாடத்தை ஒருவர் தானாகத் தேடி வந்தால் அவருடைய ரேங்கையா கேட்பது?

“நைட் டியூட்டி இல்லாத சொகுசான துறை.” குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிகிறவரை ஒரு முறை பிடித்துப் படுக்க வைத்துப் பாருங்கள். சொகுசுக்காக வருகிறவர் யாருமே இல்லையா என்றால், இருக்கலாம். எல்லாத் துறையிலும்தான் இருக்கிறார்கள்.

கொஞ்சம் நேர்மையான கேள்வி ஒன்றுதான் வந்தது, என் பேட்ச்மேட்டிடமிருந்து. சொந்த வீட்டில் நோயைப் பார்த்தவர் நடுநிலையாக இருக்க முடியுமா, ஒவ்வொரு நோயாளியிடமும் தன் அண்ணனைத்தானே பார்ப்பார் என்று. நியாயமான கவலைதான். அதற்காகத்தான் மூன்று வருடப் பயிற்சி, அதற்காகத்தான் கேஸ் கான்ஃபரன்ஸ், மேலே ஒரு சீனியர். முதல் வருடத்தில் சிலர் தடுமாறுவார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவோம். ஆனால் எதையுமே பார்க்காமல் வருகிறவர் “தினமும் மாத்திரை கொடுங்க, அவ்வளவுதான்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறாரே, அந்தத் தடுமாற்றத்தை ஏன் யாரும் கேட்பதில்லை? மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பும் அண்ணனை ஒரு வீடு எப்படிச் சமாளிக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். என் அத்தை. ஆரணியில் பட்டுத் தறி வீடு எங்களுடையது. கல்யாணமாகிச் சில மாதங்களில் அத்தைக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. புருஷன் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. தாத்தா, மனநோய் தீரும் என்று கூட்டிப்போகும் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்க வைத்தார். அதன்பிறகு யாரோ சொல்லி மெட்ராஸ், கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய ஆஸ்பத்திரி. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961லிருந்து 1978 வரை நடத்திய இடம். அதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்றைக்குத் தெரிந்தது அப்பாவின் கையும் அத்தையின் கலைந்த முடியும்தான்.

மருந்தில் குரல்கள் அடங்கின, கை நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள், நன்றாக இருக்கிறது என்று அப்பா சொல்வார், சீட்டு வாங்கிக்கொண்டு ஆரணி பஸ் ஏறுவோம். ஒரு தடவை ஓ.பி.யில் ஒரு சின்ன வயசு டாக்டர். என்ன தொழில் என்று கேட்டார். தறி என்றதும் நிமிர்ந்தார். அவர் அப்பாவும் காஞ்சிபுரத்தில் தறிதானாம். அத்தையைப் பார்த்து, “தார் சுத்த வருதாக்கா?” என்றார். நெசவுக்கு நூலைக் குழலில் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. அத்தை அதுவரை எந்த டாக்டரிடமும் வாய் திறந்ததில்லை. “கை நிக்க மாட்டேங்குது தம்பி, நூல் நூலா அறுந்துபோவுது” என்று சொல்லி அழுதார். டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்து, நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்து எழுதினார். “அடுத்த தடவை எத்தனை தார் சுத்தினீங்கன்னு எனக்குச் சொல்லணும்” என்றார். அத்தை திரும்பவும் ராட்டையில் உட்கார்ந்தார். செத்துப்போகும் வரை எங்கள் வீட்டுத் தறிக்கு அவர்தான் தார் சுற்றினார்.

அந்த டாக்டரின் ரேங்க் என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் தறிக்காரர் மகன். அதனால்தான் அந்தக் கேள்வி அவர் வாயில் வந்தது. திரும்பத் திரும்ப நான் சொல்வது இதைத்தான்.

எழுத எழுதக் கோபம் கூடுகிறது. வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், “இனி இந்தப் பொண்ணுக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்?” இருநூறு பேர் லைக் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பயந்துதான் வீடுகள் மூடி வைக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். நான் அப்போது எம்.பி.பி.எஸ். மாணவி. அவர்களுக்கும் அண்ணன் தம்பி, தங்கை எல்லாம் இருந்திருப்பார்கள். அந்தத் தங்கைகளில் யாரும் எந்த மேடையிலும் ஏறிச் சொல்லவில்லை. இந்தப் பெண் சொன்னாள். பெங்களூர் மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் வயதுக்கு வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அந்த அரங்கத்தில் சிரித்தவர்களின் வீடுகளிலும் இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டை மறைக்கத்தான் அவள் வீட்டைப் பார்த்துச் சிரித்தீர்களா?

லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், வந்த பிள்ளையை விரட்டாமலாவது இருங்கள்.

இன்பாக்ஸில் ஒரு அப்பா கேட்டிருந்தார். மகளுக்கு சைக்கியாட்ரி கிடைக்கும்போல, அவளுக்கும் ஆசை இருக்கிறது, வீடியோவைப் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம், வேறு எடுக்கச் சொல்லவா என்று. சொல்லாதீர்கள் சார். கவுன்சலிங்கில் எந்தத் துறை, எந்தக் கல்லூரி வேண்டும் என்று லிஸ்ட் கொடுப்பதற்கு முன் ஏதாவது ஓர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டுக்கொண்டு ஒரு காலை முழுக்க அவளை உட்காரச் சொல்லுங்கள். போதை மீட்பு வார்டு இருக்கிறதா, குழந்தைகளுக்குத் தனி ஓ.பி. இருக்கிறதா, நியூராலஜி போஸ்டிங் உண்டா என்று விசாரித்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஊர்ப் பெயரைப் பார்த்து வேண்டாம். மற்றதை உங்கள் வழியாக வேண்டாம், அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.