பூஞ்சணத்தைக் கண்டுபிடிக்கும் பிறபொருளெதிரி தடுப்பூசி அல்ல

வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவர்களில் படரும் பூஞ்சணம் சுவாசப்பையைத் தாக்காமலிருக்க ‘அஸ்பர்ஜிலஸ் பிறபொருளெதிரி’ ஊசி வந்திருக்கிறதாம், ஒருமுறை போட்டால் போதுமாம். கல்லடி, காத்தான்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் பொய். அஸ்பர்ஜிலஸ் என்பது பூஞ்சணமாகப் படரும் ஒரு பங்கசு; அதற்குத் தடுப்பூசி எந்த நாட்டிலும் பாவனையில் இல்லை.

அந்தப் பிறபொருளெதிரி, அதாவது குறித்த ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம், ஓர் ஆய்வுகூடப் பொருள். எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் உருவான ஜேஎஃப்5 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் வெளிவந்த ஆய்வில், கர்ப்பப் பரிசோதனைப் பட்டி போன்ற ஒரு சிறு கருவியில் அதைப் பயன்படுத்தினார்கள். நோயாளியின் குருதி நீரைச் சில துளி விட்டால், வளர்ந்துகொண்டிருக்கும் பங்கசு வெளிவிடும் ஒரு புரதப் பொருளை அது பற்றிக்கொள்ளும். பட்டியில் கோடு விழும். அவ்வளவுதான். பங்கசைக் கொல்லாது. சுவரில் காய்ந்து கிடக்கும் வித்திகளைக்கூடக் காட்டாது, ஏனென்றால் அவை அந்தப் பொருளை வெளிவிடுவதில்லை.

இந்த வித்திகளை எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம், பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு முட்டு கூடலாம். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து. தயவுசெய்து அவர்களைச் சுவர் தேய்க்க விடாதீர்கள். காய்ச்சலும் இருமலும் விடாவிட்டால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். வொரிகொனசோல் போன்ற பங்கசு எதிர்ப்பு மருந்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.