தொலைவிலிருந்து விற்கக் கற்றுத்தரும் வகுப்புகள்: பணம் கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வீட்டிலிருந்தபடியே ஜூமில் பேசி, விலை உயர்ந்த பயிற்சிகளையும் ஆலோசனைச் சேவைகளையும் விற்றுக் கொடுத்து, ஒவ்வொரு விற்பனைக்கும் பெருந்தொகையைக் கமிஷனாகப் பெறலாம் என்று சொல்லும் 'ஹை டிக்கெட்' விற்பனை வகுப்புகளில் சேரலாமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். விற்பனைத் துறையில் நெடுங்காலம் இருந்தவன், விற்பனையாளர்களை வேலைக்கு எடுத்தவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். பெரும்பாலோருக்கு நான் சொல்லும் பதில் 'வேண்டாம்' என்பதுதான். அந்தத் தொழிலே பொய் என்று நான் நினைப்பதால் அப்படிச் சொல்லவில்லை என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொழில் உண்மையானது. விளம்பரத்தைப் பார்த்துப் படிவம் நிரப்பியவரை அழைத்து, அவருக்கு வாங்கும் எண்ணமும் வசதியும் இருக்கிறதா என்று அறிந்து, நேரம் குறித்துக் கொடுப்பவர் செட்டர். குறித்த நேரத்தில் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ பேசி, அந்த அழைப்பிலேயே பணத்தைக் கட்ட வைப்பவர் க்ளோசர். க்ளோசருக்குப் பத்து சதவீதத்தை ஒட்டியும் செட்டருக்கு அதில் ஏறக்குறைய பாதியும் கமிஷன் தருவது இத்துறையில் பரவலான வழக்கம். சம்பளம் பெரும்பாலும் கிடையாது. நிறுவனத்தின் பணியாளராக அல்லாமல் தனி ஒப்பந்தக்காரராகவே சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனைதான், ஆனால் நடைமுறைக்குத் தொலைவானவை அல்ல. ஐயாயிரம் டாலர் விலையுள்ள ஒரு பயிற்சியை விற்கிறீர்கள், நூறு பேருக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அறுபது பேர் வருகிறார்கள், வந்தவர்களில் பன்னிரண்டு பேர் வாங்குகிறார்கள், அவர்களில் இருவர் மனம் மாறிப் பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். மிஞ்சிய பத்து விற்பனைக்குப் பத்து சதவீதம் என்றால் கையில் ஐயாயிரம் டாலர். பார்க்க நல்ல தொகைதான். ஆனால் பாதிப் பேர் தவணையில் கட்டுபவர்களாக இருந்தால் கமிஷனும் தவணை வந்து சேரும்போதுதான் வரும். நடுவில் தவணை நின்றால் கமிஷனும் நின்றுவிடும். முன்பே கொடுத்த கமிஷனைப் பிடித்துக்கொள்ளும் விதியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. முகநூலில் சுற்றிவரும் 'இந்த மாதம் ஐம்பதாயிரம்' என்ற படத்தில் இருப்பது விற்றுக்கொடுத்த மொத்தத் தொகையா, வந்து சேர்ந்த பணமா, பேசியவரின் கைக்கு வந்த கமிஷனா என்பது பெரும்பாலும் தெளிவாக இருக்காது. முதலாவதாக இருந்தால், அவருடைய வருமானம் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கில் நாம் கேள்வி கேட்காமல் கடந்துவிட்ட இடம் ஒன்று உண்டு: அந்த நூறு பேர் எங்கிருந்து வந்தார்கள்? நிறுவனம் விளம்பரத்துக்குப் பணம் கொட்டி அவர்களை வரவழைத்திருக்கிறது. நேரம் குறிக்கப்பட்ட ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டாகிவிட்டது. அப்படி வாங்கிய அழைப்பை நேற்று வகுப்பு முடித்தவரிடம் கொடுத்தால் அது வீணாகும் வாய்ப்பு அதிகம் என்பதை வேலை கொடுப்பவர் நன்கு அறிவார். ஆகவே நல்ல அழைப்புகள் ஏற்கெனவே விற்றுக் காட்டியவர்களிடம் போகும். புதியவருக்குக் கிடைப்பவை பழைய பட்டியல்களும், படிவத்தை நிரப்பிவிட்டு மறந்துபோனவர்களின் எண்களும்தான். ஆள் எடுக்கும்போது நான் ஒரு முறைகூட எவருடைய சான்றிதழையும் பார்த்ததில்லை. 'பேசிய அழைப்பின் பதிவு இருந்தால் அனுப்புங்கள்' என்பேன். என்னைப் போன்றவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்பார்கள். பேசும் திறமை இத்துறையில் அரிதான பொருள் அன்று. நல்ல சேவையும் நம்பகமான அழைப்புகளும் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஓர் இடம் கிடைப்பதுதான் அரிது. வகுப்பில் சேர்பவர் வாங்க நினைப்பது அந்த இடத்தை. வகுப்பு விற்பதோ திறமையை.

அந்தத் திறமையாவது முழுமையாகக் கிடைக்கிறதா என்று பார்த்தால், வகுப்புகளில் பெரும்பகுதி நேரம் மறுப்புகளைச் சமாளிப்பதற்கே போகிறது. 'யோசித்துச் சொல்கிறேன்', 'மனைவியிடம் கேட்க வேண்டும்', 'இப்போது பணமில்லை' என்பவற்றுக்கெல்லாம் எழுதி வைத்த பதில்கள் இருக்கும். விற்பனை ஆய்வாளர் நீல் ராக்கமும் அவருடைய ஹத்வெயிட் நிறுவனமும் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 35,000 விற்பனை உரையாடல்களை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் எதிரானது. சிறிய தொகை விற்பனையில் பலன் தரும், அப்போதே சம்மதம் வாங்கி 'முடித்துவைக்கும்' உத்திகள், தொகை பெரிதாகும்போது பலனைக் குறைக்கின்றன என்பதும், வாங்குபவரின் சிக்கலையும் அதன் விளைவுகளையும் கேள்விகளால் வெளிக்கொண்டு வருபவர்களே பெரிய விற்பனையில் வெல்கிறார்கள் என்பதும் அதன் சாரம். அந்த ஆய்வு நிறுவனங்களுக்கு விற்பதைப் பற்றியது, தனி மனிதரிடம் ஒரே அழைப்பில் விற்பதைப் பற்றியது அன்று என்று யாராவது மறுக்கலாம், நியாயமான மறுப்புதான். ஆனால் நெருக்கிப் பிடித்து வாங்க வைத்தவர்கள்தான் மறுவாரம் பணத்தைத் திரும்பக் கேட்பவர்களாகவும் இருக்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வருமான வாக்குறுதிகளைப் பற்றி நான் சொல்வதைவிட அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் செய்தவை தெளிவானவை. பணம் சம்பாதிக்கலாம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தால் அபராதம் விழும் என்று 2021 அக்டோபரில் அது 1,100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. அறிவிப்பு பெற்றதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பே, 2018-இல், 'மோப்' என்ற இணையவழித் தொழிற்பயிற்சி நிறுவனத்தின் மீது அதே ஆணையம் வழக்குத் தொடுத்தது. 49 டாலருக்கு '21 படிகள்' என்று உள்ளே இழுத்து, படிப்படியாக 60,000 டாலர் வரையிலான உறுப்பினர் நிலைகளை அங்கே விற்றார்கள். வாங்கியவர் சம்பாதிப்பதற்கான முக்கிய வழியோ, அதே உறுப்பினர் நிலைகளை இன்னொருவரிடம் விற்பதாக இருந்தது. எல்லா வகுப்புகளும் இப்படிப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விற்பனை கற்றுத்தரும் வகுப்பில் படித்தவர், விற்பனை கற்றுத்தரும் வகுப்பையே விற்கும் வேலையில் போய் அமர்வது இத்துறையில் அரிதான காட்சி அல்ல.

'வேலை உறுதி, இல்லையேல் பணம் வாபஸ்' என்ற வாசகத்தையும் முழுவதும் படியுங்கள். எல்லா வகுப்புகளுக்கும் வந்திருக்க வேண்டும், வாரந்தோறும் இத்தனை விண்ணப்பங்கள் அனுப்பி அவற்றுக்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் உறுதிமொழி செல்லாது. 'வேலை' என்பதும் பல இடங்களில் ஒரு நேர்காணலுக்கோ அறிமுகத்துக்கோ ஏற்பாடு செய்வதோடு முடிந்துவிடுகிறது.

அப்படியானால் யாருக்கும் பயனில்லையா என்றால், சிலருக்குப் பயன் உண்டு. ஏற்கெனவே நேரில் விற்றுப் பழகியவர், திரை வழியே பேசும் முறையை மட்டும் கற்க விரும்பினால், நேரம் மிச்சமாகும். ஆனால் உரைகளும் ஸ்கிரிப்டுகளும் யூடியூபிலேயே இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. இலவசமாகக் கிடைக்காதது ஒன்றே ஒன்று: தொழில் தெரிந்த ஒருவர் நீங்கள் பேசிய அழைப்பை முழுவதும் உட்கார்ந்து கேட்டு, எந்த நிமிடத்தில் எதிரில் இருந்தவர் விலகிப் போனார் என்று காட்டுவது. ஆகவே கட்டணத்தை, உங்கள் அழைப்புகளை வகுப்பு நடத்துபவர்கள் தனியாகக் கேட்டுத் திருத்தும் மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். இருநூறு பேர் ஒரே ஜூமில் அமரும் வாராந்தரக் கூட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதே திருத்தம் சம்பளத்தோடு கிடைக்கும் இடங்களும் உண்டு. மென்பொருள் நிறுவனங்களில் வாடிக்கையாளர்களை முதலில் அழைத்துப் பேசும் பணி, காப்பீட்டுத் தொலைபேசி விற்பனை ஆகியவற்றில் மேலாளர் உங்கள் அழைப்பைக் கேட்டுத் திருத்துவது அவருடைய அன்றாட வேலை. ஓராண்டு அங்கே பேசியவருக்குக் காட்டுவதற்கு எண்களும் இருக்கும், பதிவுகளும் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சேரத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள், வகுப்பை விற்க உங்களை அழைப்பவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். சென்ற ஆண்டு ஒரு குறிப்பிட்ட மாதத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது முதலாவது. வெற்றி பெற்ற மூவரின் காணொளி இதற்குப் பதில் ஆகாது. படித்து முடித்தவர்கள் இப்போது எந்த நிறுவனத்தின் எந்தச் சேவையை விற்கிறார்கள், அதை வாங்கியவர்களில் இருவரோடு நான் பேசலாமா என்பது இரண்டாவது. கேட்டுவிட்டு, நாளை சொல்கிறேன் என்று அழைப்பை முடியுங்கள். அதன் பிறகு அவர் உங்களிடம் பேசும் விதம், சேர்ந்த பின் நீங்கள் யாரிடம் எப்படிப் பேசப் பழக்கப்படுவீர்கள் என்பதைக் கட்டணம் இல்லாமலே காட்டிவிடும்.