பேரிங்கில் கிரீஸை நிரப்பி அடைத்தால் சூடாகாதா?

“மோட்டார் பேரிங்கில் கிரீஸ் வழியும்வரை அடியுங்கள், சூடே ஆகாது, ஆயுள் இரட்டிப்பாகும், மின்சாரமும் மிச்சம்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு. சொல்லப்போனால், நடப்பது நேர்எதிர்.

வேகமாகச் சுற்றும் பேரிங்கில் இடமில்லாமல் கிரீஸ் நிறைந்திருந்தால், உருளைகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைவதற்குச் சக்தி செலவாகும்; அந்தச் சக்தி சூடாக மாறும். சூட்டில் எண்ணெய் பிரிந்து கிரீஸ் இறுகும். அழுத்தத்தில், கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் சீல் பிதுங்கி, மோட்டாரின் கம்பிச் சுருள்வரை கிரீஸ் போய்ச் சேர்வதும் உண்டு. பொதுவாக, உள்ளே இருக்கும் காலியிடத்தில் 30 முதல் 50 சதவீதம் நிரப்பினால் போதும்.

மறுபடி கிரீஸ் போடும்போது அளவுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, 0.005-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 110 மி.மீ. வெளிவிட்டம், 27 மி.மீ. அகலம் கொண்ட 6310 என்ற எண்ணுள்ள பேரிங்குக்கு சுமார் 15 கிராம்தான். பேரிங் நிறுவனங்களின் கையேட்டிலும் மோட்டாருடன் வரும் புத்தகத்திலும் சரிபார்க்கலாம்.

மிக மெதுவாகச் சுற்றும் பேரிங்குகளை முழுக்க நிரப்புவது உண்டு. வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். இருபுறமும் சீல் வைத்தவற்றுக்கோ கிரீஸே போட வேண்டியதில்லை.

அப்புறம், அந்தத் தகவலில் “ஓடும்போதே காப்பு மூடியைக் கழற்றி அடியுங்கள்” என்றும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், விரல் போய்விடும். உங்களுக்கு வந்திருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.