கடல் நிறம் மாறினால் யாரிடம் கேட்பது?

ஞாயிறு பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தைக் கரையில் கடல் நிறம் மாறியது எல்லாருக்கும் தெரியும். என்னை எழுத வைத்தது, அன்று அங்கே குளித்த ஒரு பிள்ளையின் தாய் போட்ட பதிவுக்குக் கீழே வந்த பதில்கள். பிள்ளைக்குக் கண் சிவந்து இருமல் வந்தது என்று அவர் எழுதுகிறார். "பாசிதானே, சனத்தைப் பயமுறுத்தாதீர்கள்" என்று சிரிப்புக் குறி போடுகிறீர்கள். இரவோடு இரவாக அவர் பதிவையே எடுத்துவிட்டார்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். தண்ணீர் நிறம் மாறினால் உடனே எடுத்துப் பரிசோதித்து, இறங்கலாமா கூடாதா என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை வையுங்கள்.

எல்லாப் பாசியும் நஞ்சில்லை, சரி. 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் அலை நீலமாக மின்னியதே, அதற்குக் காரணமான நொக்டிலூகா என்ற நுண்ணுயிர் நஞ்சு சுரப்பதில்லை. ஆனாலும் அது பெருகினால் தண்ணீரில் அமோனியா கூடும், ஒட்சிசன் குறையும், மீன் சாகும். வேறு சில இனங்களின் நஞ்சு மட்டியில் சேர்ந்தால் சமைத்தாலும் போகாது. கரையில் நின்று பார்த்து எது எந்த இனம் என்று சொல்ல முடியாது. நுணுக்குக்காட்டியில்தான் பார்க்கவேண்டும். அதைச் செய்யுங்கள் என்றுதானே கேட்கிறேன்?

என் அக்கா அடிலெய்டில் இருக்கிறா. 2025 மார்ச்சில் தென் அவுஸ்திரேலியாவில் கரேனியா என்ற நுண்பாசி பெருகியபோது, அலைச்சறுக்கு விளையாடியவர்களுக்குத்தான் முதலில் இருமலும் கண்ணெரிச்சலும் வந்தது. அப்புறம் மாதக்கணக்கில் திருக்கையும் சுறாவும் கணவாயும் செத்து ஒதுங்கின. காலையில் மகனோடு நடக்கப் போன இடத்தில் ஒரு திருக்கை மல்லாந்து கிடந்ததாம், செவுளைச் சுற்றி நுரையாம். சொல்லும்போதே அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அங்கேயும் அரசாங்கம் தாமதம் என்று சனம் திட்டித் தீர்த்தது. ஆனால் பரிசோதனை முடிவைப் பார்க்க அவவுக்கு ஓர் இடம் இருந்தது. சிப்பிப் பண்ணைகளை மூடியபோது காரணமும் சொன்னார்கள். இங்கே திங்கட்கிழமை நான் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "அது எங்களுடைய வேலை இல்லை" என்று வைத்துவிட்டார்கள்.

"மீனவர் வயிற்றில் அடிக்கிறாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சுட்டது. 2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபோது மீன் வாங்கச் சனம் பயந்ததை மறந்துவிட்டீர்களா? எதை நம்புவது என்று தெரியாமல்தானே பயந்தார்கள். சோதித்துச் சொன்னால் மீனவருக்குத்தான் முதலில் நல்லது.

எல்லாவற்றையும்விட நொந்தது, "வெள்ளவத்தையில் யார் குளிக்கச் சொன்னது?" என்ற கேள்வி. நகரத்துக் கழிவுநீரை வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் குழாய் போட்டுக் கடலுக்குள் விடுகிறோம். வாய்க்கால் கொண்டுவருவது வேறு. பாசிக்குத் தீனியே அந்தக் கழிவில் உள்ள நைதரசனும் பொசுபரசும்தான். கொழும்பு நடுவே பேரை வாவி பச்சையாகக் கிடப்பதும் அதனால்தான். இவ்வளவையும் நாமே கொட்டிவிட்டு, குளித்த பிள்ளையைக் குற்றம் சொல்வதா? மாடிவீட்டில் இரண்டு அறைக்குள் வளரும் பிள்ளைக்குத் தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிற அந்தத் துண்டு மணல்தான் மைதானம். நீச்சல் தடாகம் உள்ள தொடர்மாடியிலிருந்து எழுதுகிறவர்களுக்கு அது புரியாது. இப்படி எழுத நான் விரும்பியதில்லை, ஆனால் இன்று எழுதுகிறேன்.

ஞாயிறன்று படம் எடுத்தவர்கள் நேரத்தையும் இடத்தையும் குறித்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் பெயரைக் கீழே சொல்லுங்கள்.