கொட்டமுத்தும் லாரி பிரேக் பைப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் மாமா வைத்திருக்கும் லாரி பட்டறைக்குப் போயிருந்தேன். சேசிஸுக்கு அடியில் படுத்திருந்தவர் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு பைப்பை அறுத்து வெளியே போட்டார். ஏர் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகிற பைப். விரல் தடிமன்தான். வளைத்தால் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. பிசுக்கைத் துடைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ‘பிஏ 11’ என்று இருந்தது.

"இது எதுல செஞ்சதுன்னு தெரியுமா மாமா?"

"நைலான் பைப்பும்மா. எட்டு கிலோ காத்து தாங்கும்."

"கொட்டமுத்துல செஞ்சது."

"வெளக்கெண்ணெய்லயா?" என்றவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பைப்பை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் பார்த்தார்.

தொப்பூர் கணவாயில் லோடு லாரி இறங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பள்ளத்தில் டிரைவரின் உயிர் பிரேக்கில்தான் இருக்கிறது. அந்த பிரேக்குக்குக் காற்று போகும் வழியைச் செய்யும் பொருள்களில் ஒன்று, நம் கடலைக்காட்டு வரப்பில் யாரும் தண்ணீர் விடாமலே வளர்கிற ஆமணக்குச் செடியிலிருந்து வருகிறது. அதன் முத்தைத்தான் எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போம். மந்தமானவனைத் திட்டுவதற்கு நாம் எடுக்கிற சொல் விளக்கெண்ணெய். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சொல்லை வாயில் எடுக்க மனம் வரவில்லை.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், மானாவாரிக் காடு. எங்கள் ஆயா விளக்கெண்ணெய் காய்ச்சுவது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. களத்தில் காயப் போட்ட காய்கள் உச்சி வெயிலில் பட், பட்டென்று வெடித்து முத்து தெறிக்கும். பொறுக்கிச் சேர்ப்பது எங்கள் வேலை. ஆயா முத்தை வறுத்து, உரலில் இடித்து, பெரிய பானையில் தண்ணீரோடு கொதிக்க விடும். மேலே மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்து, இன்னொரு சட்டியில் ஊற்றி மறுபடி அடுப்பேற்றும். சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கினால் தண்ணீர் சுண்டிவிட்டது என்று கணக்கு. அப்போதுதான் இறக்கும். குழந்தை தலைக்கு, வண்டி அச்சுக்கு, வயிற்றைச் சுத்தம் செய்ய, எல்லாவற்றுக்கும் அதே எண்ணெய்.

அந்த எண்ணெய் ஏன் அவ்வளவு கெட்டியாக, தேன் மாதிரி இறங்குகிறது? அதில் கிட்டத்தட்ட 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். 18 கார்பன் நீளமுள்ள சங்கிலி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இதே நீளச் சங்கிலிதான் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் இதில் 12ஆவது கார்பனில் ஹைட்ராக்சில் என்ற ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி ஒட்டிக்கொண்டிருக்கிறது, 9ஆவது கார்பனில் ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்த ஹைட்ராக்சில்கள் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதால்தான் கெட்டித்தன்மை. எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கி, 500 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றினால் சங்கிலி சரியாக ஓரிடத்தில் முறியும். ஒரு துண்டில் 11 கார்பன், இன்னொன்றில் 7. அந்த 11 கார்பன் துண்டை மேலும் சில படிகளில் பக்குவப்படுத்திக் கோத்தால் நைலான் 11. பைப்பில் எழுதியிருந்த 11 அதுதான். பிஏ என்பது நைலானின் வேதியியல் பெயரான பாலிஅமைடின் சுருக்கம். 7 கார்பன் துண்டும் வீண் போவதில்லை, ஹெப்டனல் என்று பெயர், அதை வைத்து மல்லிகை வாசனைப் பொருள் செய்கிறார்கள். இதே எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு காய்ச்சினால் செபாசிக் அமிலம் கிடைக்கும். பல் துலக்கும் பிரஷின் நார் வரைக்கும் அது போகிறது.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. 1940களிலேயே பிரான்சில் செய்துவிட்டார்கள். மார்சேயில் உள்ள ஆலை இன்றும் ஓடுகிறது. சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலும் ஆலை வந்திருக்கிறது. முத்து மட்டும் நம் நாட்டினுடையது. உலகத்தில் விளையும் ஆமணக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். நாம் பெரும்பாலும் எண்ணெயாகவே விற்கிறோம். சீனா அதை வாங்கி செபாசிக் அமிலமாக்கி உலகத்துக்கு விற்கிறது.

என் மனதைக் குடைவது இதுதான். எங்கள் ஆயா அடுப்பில் செய்த வேலைக்கு அடுத்த படியை நம் பக்கத்தில் ஏன் இன்னும் எடுத்து வைக்கவில்லை? ஓசூரில் லாரியும் பைக்கும் செய்கிறார்கள், சிப்காட் இருக்கிறது, வேதியியல் படித்த பிள்ளைகள் வேலை தேடி பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார்கள். இந்தப் பிளாஸ்டிக்கின் தேவையும் சின்னதில்லை. பிரேக் பைப்புக்கு நைலான் 12 என்று பெட்ரோலியத்தில் செய்வதும் உண்டு. 2012 மார்ச்சில் ஜெர்மனியின் மார்ல் நகரில் அதற்கான மூலப்பொருள் ஆலை வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஒரு ஆலை நின்றதும் உலகம் முழுக்க கார் கம்பெனிகள் தவித்துப் போய் மாற்றுப் பொருள் தேடின. அவை தேடியவற்றில் நைலான் 11-உம் ஒன்று.

ஆனால் வாக்குறுதி என்றால் எங்கள் வீட்டில் பயம் உண்டு. 2003இல் திட்டக் குழு காட்டாமணக்கில் (பெயர்தான் ஒத்திருக்கும், கொட்டமுத்து இல்லை, வேறு செடி) டீசல் எடுக்கலாம் என்று பரிந்துரைத்த பிறகு ஊர் ஊராகப் பேச்சாகக் கிடந்தது. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, தண்ணீரே வேண்டாம், காயை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா ராகி விதைக்கிற இரண்டு ஏக்கரில் நட்டார். செடி சாகவில்லை, அது உண்மை. காயும் பிடிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் உயிரோடு இருப்பது வேறு, விளைவது வேறு என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. காய்த்த கொஞ்சத்தை வாங்கவும் ஆள் வரவில்லை. வேரோடு பிடுங்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருசம் வீட்டில் களிக்கு ராகி விலைக்கு வாங்கினோம்.

கொட்டமுத்து அப்படியில்லை என்பதை நான் நம்புகிறேன். நம் மண்ணுக்குப் பழகிய பயிர். கடலையைச் சுற்றி ஊன்றினால் புரோடீனியா புழு முதலில் இதன் இலைக்குப் போகும், கடலை தப்பிக்கும். எண்ணெயைத் தாளிக்க யாரும் ஊற்றுவதில்லை, அதனால் சோற்றுப் பயிரைப் பிளாஸ்டிக்குக்குத் திருப்பிவிட்டோம் என்ற பழியும் வராது. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஒய்ஆர்சிஎச் 1 வீரிய ரகம் இருக்கிறது. கஷ்டங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். குலைகள் ஒரே நேரத்தில் முற்றாது, மூன்று நான்கு தடவை ஆள் விட்டு அறுக்க வேண்டும். பூக்கும் சமயம் மழை பிடித்துக்கொண்டால் சாம்பல் பூஞ்சை குலையையே தின்றுவிடும். பிண்ணாக்கில் ரிசின் என்ற விஷம், மாட்டுக்கு வைக்கக் கூடாது, வயலுக்கு உரமாகத்தான் போக வேண்டும். ஆட்டுகிற ஆலையில் பறக்கும் தூசி வேலை செய்கிறவர்களுக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும். ஆலை கேட்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பைப்பை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு பிள்ளை கேட்டாள், "மிஸ், செடியில செஞ்சா மண்ணுல மக்கிடுமா?" மக்காது. நைலான் 11 வருசக்கணக்கில் உழைக்கத்தான் செய்யப்படுகிறது. உருக்கி மறுபடி வார்க்கலாம், அவ்வளவுதான். இதில் லாபம் வேறிடத்தில் இருக்கிறது: இதன் கார்பன் இந்த ஆண்டு இலை வழியாகக் காற்றிலிருந்து வந்தது, கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த எண்ணெயிலிருந்து வரவில்லை. தாவரத்தில் செய்தது என்று அச்சடித்துவிட்டாலே குப்பையில் வீசலாம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் தடை வந்த பைகளுக்குப் பதில் துணிப்பையும் மந்தார இலையும் போதும். இந்த எண்ணெயின் அருமை பத்து வருசம் உழைக்க வேண்டிய பொருளில்தான் இருக்கிறது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். "கிலோ என்ன வெலைன்னு வெதைக்கறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுப்பாங்களா?" என்றார். அரசும் ஆலைக்காரர்களும் முதலில் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான். ஆடிப்பட்டத்துக்கு முன்னால், கையெழுத்தோடு. அதுவரை எங்கள் காட்டில் கடலை, வரப்பில் மட்டும் கொட்டமுத்து.