காணி உறுதி சுத்தமாக இருந்தால் மட்டும் வீடு கட்டிவிட முடியாது

“கிராமத்துக் காணிதானே, உறுதி சுத்தமாக இருந்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை” என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், காணி யாருடையது என்பதைத்தான் காட்டும். அதில் வீடு கட்டலாமா என்பது வேறு கேள்வி.

இலங்கையில் பதுளை, நுவரெலியா போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில், பிரதேச சபை கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும். கட்டலாம், நிபந்தனையோடு கட்டலாம், கட்டவே கூடாது என்று மூன்று விதமாகவும் அது வரலாம். என் சித்தப்பா மகன் அப்புத்தளைப் பக்கம் 20 பேர்ச் காணி வாங்கிய பிறகுதான் இதைக் கேள்விப்பட்டான். அறிக்கை ‘கூடாது’ என்று வந்தது. விற்ற தரகர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன்: மரங்கள் எல்லாம் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து நின்றன, மண்ணைத் தாங்கும் கற்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்சரிவில் மண்ணோடு போனதை நாம் மறக்கலாமா?

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்கிறார்கள் என்றால் இன்னும் கவனம். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தேயிலை, இறப்பர் தோட்டங்களைப் பிரிப்பதைக் கட்டுப்படுத்த 1958 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.

முற்பணம் கொடுக்கும் முன் காணியின் நில அளவை வரைபடத்துடன் பிரதேச சபைக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள்.